தபாலுக்கு வந்த இரண்டு அழைப்புகள்

"உங்கப்பாகிட்ட சொல்லு, உப்பு அவர் முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்கு."

அப்பா உட்கார்ந்திருந்தது அம்மாவுக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை, அதுவும் சிறியது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தால் நெற்றி முட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்தச் செய்தி அம்மாவின் வாயிலிருந்து புறப்பட்டு, பக்கவாட்டில் இருந்த மகளின் காதில் நுழைந்து, அவள் வாய்வழியாக வெளியே வந்து அப்பாவைச் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் செல்லுபடியாகும்.

"அப்பா, உப்பு உங்க முழங்கைக்குப் பக்கத்துல இருக்காம்."

"பாத்துட்டேன்னு சொல்லு."

"பாத்துட்டாராம்மா."

"அப்படியே அந்த ரெண்டு லெட்டரையும் பாத்தாரான்னு கேளு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும்."

அந்த இரண்டு கடிதங்களும் ரொட்டித் தட்டுக்கு அடியில் கிடந்தன. இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் அவளுக்கு இடம். அவள் வகுப்பில் பாதிப் பேர் ஒன்றாவது கிடைக்காதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, இவளுக்கு இரண்டு கிடைத்து, அதனாலேயே தூக்கம் போயிருந்தது.

அவளை 'தபால்' என்று முதலில் கூப்பிட்டவர் அம்மாவின் தம்பி. மாமா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் கைப்பேசியில் மாமாவின் அழைப்பு வந்தால், "என்ன தபால், இன்னிக்கு எத்தனை கட்டு?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூனை.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அம்மா அடுத்த தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிறவர் கட்டிய மனைவிக்குக் கற்றுத் தரக் கூடாதா என்று கேட்டார். முதல் பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திருப்பத்தில் அப்பா திடீரென்று தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். குறுக்கே பூனை வந்தது என்றார். பூனையே இல்லை என்றார் அம்மா. கண் பார்ப்பதையே தொழிலாகச் செய்கிறவளுக்குத் தெரியாத பூனை உங்களுக்கு எங்கிருந்து தெரிந்தது என்றும் கேட்டார். அதற்கு அப்பா, முதலில் உன் கண்ணை யாரிடமாவது காட்டு என்று சொல்லிவிட்டார். தொழிலில் கை வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றோடு பேச்சு நின்றது.

அப்போது தபாலுக்குப் பதினைந்து வயது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினால், சாப்பிட வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேட்டால் "ம்" என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. போர் மூண்டதும் அந்தச் சுகமெல்லாம் போயிற்று. "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று ஒருவர் கதவைத் தட்டுவார். பதிலோடு திரும்பி வந்து உட்காருவதற்குள் "உங்கப்பாகிட்ட கேளு" என்று இன்னொருவர். குளியலறையில் இருந்தாலும் விடமாட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது வாசித்து முடித்தபின் உறையில் போட்டு வைப்பார்கள்.

இந்த அனுபவம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்னாட்டு உறவுகள் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பகை நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சிறிய நடுநிலை நாட்டைப் பற்றி அவள் கட்டுரை எழுதினாள். தேர்வுக் குழு மனம் நெகிழ்ந்து போனதாகக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அவை எந்த நாடுகள் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் வெளியே சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாள்.

மனம் நெகிழ்ந்த பல்கலைக்கழகம் வெகு தூரத்தில் இருந்தது. இரவு ரயில் ஏறினால் மறுநாள் மதியம் போய்ச் சேரலாம், விடுதியில்தான் தங்க வேண்டும். அந்தப் படிப்புக்கு அதைவிடப் பெரிய பெயர் வேறெதற்கும் இல்லை. இன்னொன்று பக்கத்திலேயே. வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அதன் நூலகக் கூரை தெரியும். ஆனால் அங்கே அந்தத் துறை என்பது மூன்று அறைகளும், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் ஒரு பேராசிரியரும்தான்.

அவள் மனம் எப்போதோ இரவு ரயிலில் ஏறிவிட்டது. ஆனால் அவள் போய்விட்டால், உப்பு எங்கே என்று இந்த வீட்டில் யார் யாரைக் கேட்பது? அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சிறிய மேசையில் இருவரும் வருடக்கணக்காக வாய் திறக்காமல் சாப்பிடுவதை நினைத்தாலே, ஏறிய மனம் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிடும். இதை அவர்களிடம் சொல்லவும் முடியாது. உங்களுக்காகத்தான் என் படிப்பை விடுகிறேன் என்று எந்தப் பிள்ளை பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்?

சரி, அவர்களையே கேட்டுவிடுவோம் என்று திங்கட்கிழமை இறங்கினாள்.

அப்பாவைக் காரில் வைத்துக் கேட்டாள். எந்த முடிவுக்கும் முன்னால் மூன்று கண்ணாடிகளையும் பார்க்க வேண்டும், பின்னால் வருவது யார், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் வண்டியைத் திருப்பக் கூடாது என்று அவர் பாடம் நடத்தினார். கடைசியில், "எனக்கு நீ பெரிய இடத்துல படிக்கணும்னுதான் ஆசை. ஆனா உங்கம்மா தாங்க மாட்டா. பக்கத்துலயே சேந்துடு" என்றார்.

அம்மாவைக் கடையில் போய்க் கேட்டாள். அம்மா வேலைப் பழக்கத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் பரிசோதனைச் சட்டத்தையும் மாட்டிவிட்டார். முதல் வில்லையைப் போட்டு, இது தெளிவா என்றார். அடுத்ததைப் போட்டு, அது தெளிவா என்றார். இரண்டுமே மங்கல்தான் என்றாள் தபால். சட்டத்தைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னார்: "நீ பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதிதான். ஆனா உங்கப்பாவுக்கு எம்பொண்ணு அங்க படிக்கிறான்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கணும். தூரமாவே போ."

தபால் என்றால் பட்டுவாடா செய்துதானே ஆக வேண்டும். அதையும் செய்தாள். அங்கேதான் தப்பு. தனக்காக மகளைத் தூரத்துக்கு அனுப்ப அம்மா துணிந்ததைக் கேட்ட அப்பா, அவளே சொன்னபின் எனக்கென்ன, தூரமாகவே போகட்டும் என்றார். தனக்காக அப்பா ஆசையை விட்டுக்கொடுத்ததைக் கேட்ட அம்மா, அப்படியானால் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மறுபடி இருவரும் மாறினார்கள். படுக்கப் போவதற்குள், எந்தப் பல்கலைக்கழகம் யாருடையது என்று அவளுக்கே மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை படியிறங்கும்போது பக்கத்து வீட்டு நர்ஸக்கா எதிரே வந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு, பகலில் தூங்குகிறவர். தூங்குகிறவர் என்பது பேச்சுக்குத்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம் வரை இறங்கியிருந்தது.

"உங்க வீட்டுல மத்தியான நேரத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன். நானும் நேர்லயே சொல்லிப் பாத்துட்டேன்" என்றார்.

தபால் பள்ளியில் இருக்கும் அந்த நேரத்தில் அப்பா, அம்மா இரண்டு பேருமே சாப்பிட வீட்டுக்கு வருவார்கள். பேச ஆளில்லாத வீட்டில் டிவியைத்தானே சத்தமாக வைப்பார்கள் பாவம் என்று அவளுக்கு இன்னும் வேதனையாகிவிட்டது. சாயங்காலம் இருவருக்கும் பொதுவாக, மத்தியானம் டிவியைக் குறைத்து வைக்க வேண்டுமாம் என்று அறிவித்தாள். இருவரும் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மௌனம் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. இன்றிலிருந்து தபால் வேலைநிறுத்தம், எதுவானாலும் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் பேசித்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

அப்பா எழுந்து போய் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றார். "இந்த வீட்டுல எம் மூக்குக்கண்ணாடிய யாராவது பாத்தாங்களான்னு தெரியல" என்று பெட்டியிடம் சொன்னார். அம்மா துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, "தலையில இருக்கறதத் தேடுறவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அரை மணி நேரத்தில் அந்த வீட்டிலுள்ள மின்சாதனங்கள் எல்லாம் குடும்ப விவகாரத்தில் பங்கெடுத்துக்கொண்டன. மிக்ஸியிடம் அம்மா தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது தபால் வேலைநிறுத்தத்தை நிபந்தனையின்றி வாபஸ் வாங்கினாள்.

பேச இடம் கொடுத்தால் பேசவில்லை, ஓடி ஒளிய இடம் இல்லாமல் செய்தால்? புதன்கிழமை சாயங்காலம், பக்கத்துப் பல்கலைக்கழகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இருவரையும் காரில் ஏற்றினாள். பூனைக்குப் பிறகு அம்மா எப்போதும் பின் இருக்கைதான். வாசலில் வண்டி நின்றதும், அலுவலகத்தில் ஒரு விவரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தபால் இறங்கிப் போனாள். போனவள் நூலகத்துக்குப் பின்னால் கொசுக்கடியில் ஒரு மணி நேரம் நின்றாள். ஒரு மணி நேரம் பூட்டி வைத்தால் கல்லும் ஒரு வார்த்தை பேசும் என்று நம்பினாள்.

திரும்பி வந்தபோது கார் முதலில் நின்ற இடத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, வெள்ளைக் கோட்டை மிதித்துக்கொண்டு கோணலாக நின்றது. அப்பா நிறுத்திய வண்டி கோணலாக நின்று அவள் பார்த்ததே இல்லை. மனுஷன் மனசு எவ்வளவு கெட்டிருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா வலது பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அம்மா இடது பக்க ஜன்னலை. முன்னால் கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஐஸ்கிரீம் கிண்ணங்கள், இரண்டும் காலி.

"யாரு சாப்பிட்டது?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நான்தான். பசிச்சுது."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

அவளுக்கு வந்ததே கோபம். ஒரு மணி நேரம் ஒரே வண்டியில் இருந்துகொண்டு, பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாளே என்ற நினைப்புகூட இல்லாமல் இரண்டையும் ஒருவரே தின்பதா என்று வழி நெடுக அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். அப்பா மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். கைக்குட்டையால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, பரவாயில்லை, எனக்கு வேண்டாம் என்றுகூடச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத் தபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, தன் கைக்காசில் பெரிய கிண்ணமாக ஒன்று வாங்கி வந்து, அம்மா முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா மிகவும் கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டார்.

கடைசி ஆயுதம் மாமா. அவர் வீட்டுத் தரகர். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கைகுலுக்க வைப்பதே அவர் பிழைப்பு. வியாழக்கிழமை வந்து சேர்ந்தவர், நோயின் மூலத்தைப் பிடிக்காமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று சொல்லி நேராகப் பூனையில் கை வைத்தார். இருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னார்: "பூனை இருந்துது. ஆனா ரோட்டுக்கு வரல, சுவர் மேலதான் இருந்துது. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. சரியாப் போச்சா?"

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டது. சுவரில் இருந்த பூனைக்கா பிரேக் போட்டேன், நான் என்ன கிறுக்கனா என்று அப்பா மகள் மூலமாகக் கேட்டார். அப்போ பூனை இருந்தது என்றே முடிவு கட்டிவிட்டாயா, கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது என்று அம்மா நேரடியாகவே கேட்டார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தபாலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, இனிமே இந்த வீட்டுப் படியில நான் கால் வைக்க மாட்டேன்."

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லு உங்க மாமாவ."

"குடைய மறந்துட்டார்னு சொல்லு" என்றார் அப்பா.

இரண்டாக இருந்த பகை நாடு மூன்றானது. குடையை எடுத்துக்கொண்டு அவள் நான்கு மாடி இறங்கி ஓடினாள். மாமா குடையை வாங்கிக்கொண்டு, அதற்கும் ஒரு பதில் செய்தி கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு அலுத்துவிட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அம்மா அப்பாவை நேருக்கு நேர் பார்த்து அவள் கண்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நொடி இருவரும் அவரவர் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"மனசாரத்தான் சொல்றாளான்னு உங்கப்பாவக் கேக்கச் சொல்லு" என்றார் அம்மா. குரல் என்னவோ போலிருந்தது.

"பஸ் வசதி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தபால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகை அவர்களுக்காகவா, இரவு ரயிலுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பக்கம் தயாராக இருந்தது. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டை விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது, இறங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நர்ஸக்கா வேலைக்குக் கிளம்பி, கொட்டாவி விட்டபடியே பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தபாலுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? ஒரு தபால்காரர் மாற்றலாகிப் போனால் இன்னொருவரைப் போடுவதுதானே வழக்கம்?

ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் வேலை முடிந்து வரும்போது ஒருமுறை, சாயங்காலம் போகும்போது ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனால் போதும். அம்மா சொல்வதை அப்பாவிடம், அப்பா சொல்வதை அம்மாவிடம். கஷ்டமான வேலை இல்லை. திட்டாக இருந்தால் பாதியாகக் குறைத்துச் சொல்லலாம், பாராட்டாக இருந்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். பூனை என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாயில் எடுக்கக் கூடாது.

"நான் போயிட்டா அவங்களுக்கு யாருமே இல்லக்கா. ஒரு வார்த்த பேசிக்காம ரெண்டு பேரும் எப்படி இருப்பாங்க? நீங்க மட்டும் சரின்னா நான் நிம்மதியா ரயில் ஏறிடுவேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதும்விட்டாள்.

நர்ஸக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. அவளுடைய வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். இவளுக்கு நிஜமாகவே தெரியாதா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"பேசிக்கறதில்லையா? ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்து நான் படுத்தா, தெனமும் மத்தியானம் சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்கம்மாவும் உங்கப்பாவும் அந்தப் பூனைக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க, மூணு வருஷமா எனக்குத் தூக்கமில்ல. இதையெல்லாம் சாயங்காலம் பொண்ணு இருக்கறப்ப பேசக் கூடாதான்னு போய்க் கேட்டதுக்கு, நாங்க ராசியானது தெரிஞ்சா அவ ரூம் கதவத் திறந்து எங்ககூட ஒரு வார்த்த பேச மாட்டான்னு சொல்லிட்டாங்க."